பானை வாயில் கட்டிய துணி

சென்ற ஆடியில் ஒரு நாள் எதிர்வீட்டுப் பெண் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர்ப் பானையின் வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். தெரு முனையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். காற்று அடித்தால் வீடு முழுக்கப் புழுதி. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண் அவள். பஸ் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். அப்படிக் கட்டுகிற ஒருத்தியைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. என் ஆயா அப்படித்தான் கட்டுவாள்.

ஆயா என்றால் நைனாவைப் பெற்றவள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஆம்பூரில் எங்களோடுதான் இருந்தாள். ஆனாலும் அவள் வேறொரு ஊர்க்காரி என்பது அவள் செய்கிற ஒவ்வொரு காரியத்திலும் தெரியும். காற்று காலம் வந்துவிட்டால் தண்ணீர்ப் பானை, சோற்றுப் பானை, மாவு டப்பா எல்லாவற்றின் வாயிலும் துணி. காயக் காய நனைப்பாள். பித்தளைப் பாத்திரம் ஒன்றைக்கூடப் பலகையில் அடுக்க விடமாட்டாள். எல்லாம் தரையில், சுவரோரம். "இன்னாத்துக்கு அத்தே, கால் வைக்க எடமில்லாம இப்டி பரப்பி வெச்சிகினு கீறீங்க?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். "மேல வெச்சா வுழும்மா. புள்ளைங்க கீதுங்க" என்பாள் ஆயா. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் பாத்திரம் தானாக விழுந்ததில்லை. விழுகிற ஊரில் இருந்துவிட்டு வந்தவள் அவள்.

அந்த ஊர் கோலார் தங்கவயல். ஆம்பூரில் ரயிலேறி ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டி பங்காருப்பேட்டையில் இறங்கி, அங்கே வேறு வண்டி மாறினால் மாரிக்குப்பம். ஒரு பகல் பயணம்கூட இல்லை. ஆனால் ஆயாவின் மாமியார் போன காலத்தில் அந்த ரயில் கிடையாது. மாரிக்குப்பம் வரைக்கும் தண்டவாளம் போட்டது 1894-ல். அதற்கும் முன்னால், பேரணாம்பட்டு மலை ஏறி, வி.கோட்டா போய், பேத்தமங்கலம் வழியாக நடந்தே போனார்களாம். கட்டைவண்டியில் மூட்டை முடிச்சும் குழந்தைகளும்; புருஷனும் பொண்டாட்டியும் வண்டிக்குப் பின்னால். புதுப்பெண்ணாக அந்த நடை நடந்தவள் ஆயாவின் மாமியார். அவளை நான் பார்த்ததில்லை. அவள் சொன்னதையெல்லாம் ஆயா தன் வாயால் எங்களுக்குச் சொல்லிவிட்டாள்.

தங்கவயலின் கதையை எழுதுகிறவர்கள் மைக்கேல் லவேலியிலிருந்து தொடங்குவார்கள். நியூசிலாந்துப் போர்களில் சண்டை போட்டுவிட்டு பெங்களூரில் வந்து தங்கிய அயர்லாந்துச் சிப்பாய். 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார்ப் பக்கம் வந்து, பழைய சுரங்கக் குழிகளைச் சுற்றிப் பார்த்து, மைசூர் சர்க்காரிடம் தோண்டும் உரிமை வாங்கியவர். உரிமை கைக்கு வந்தது 1875-ல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அடுத்த சில வருஷங்களில் பெரிய தங்கப் படிவம் கிடைத்து ஊரே எழுந்தது. இவையெல்லாம் சரி. அதே வருஷங்களில் எங்கள் வட ஆர்க்காட்டில் நடந்தது என்ன என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்று புரியும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிலமில்லாத எங்கள் ஜனம் கஞ்சித்தொட்டி வாசலில் செத்து விழுந்த காலம். பிழைத்தவர்களுக்கும் ஊரில் ஆண்டை வீட்டுப் பண்ணை வேலைதான். மலைக்கு அந்தப் பக்கம் குழிக்குள் இறங்கினால் கூலி காசாகக் கையில் விழும் என்ற சேதி சேரிக்கு வந்தபோது, மனிதர்கள் பயந்த பயம் குழியைப் பற்றியதில்லை. ஆண்டை விடுவானா என்பதைப் பற்றியது. ராத்திரியோடு ராத்திரியாகத்தான் கிளம்பினார்களாம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன இருந்தது? பாறை. முள். ஆளுயர மண்குவியல். மூங்கில் தட்டி கட்டி, மேலே மண்ணைப் பூசிய குடிசைகள், வரிசை வரிசையாக. அந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு எட்டடிக்குப் பத்தடி. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஆண்களுக்காவது இறங்க ஒரு குழி இருந்தது, கணக்கெழுத ஒரு ஆள் இருந்தான், சம்பளம் இருந்தது. பெண்களுக்கு அங்கே ஒன்றுமே போட்டுவைத்திருக்கவில்லை. கிணறு எங்கே, விறகு எங்கே, பிரசவம் பார்க்க யார், செத்தால் புதைக்க எங்கே, மாரியம்மனை எந்த வேப்பமரத்தடியில் உட்கார வைப்பது, இத்தனையையும் அவர்கள்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆயாவின் மாமியார் தன் முதல் பிள்ளையைத் தட்டிக்கு உள்ளே பெற்றாள். தொப்புள்கொடி அறுத்தவள் குடியாத்தம் பக்கத்துப் பெண், பக்கத்துத் தட்டிக்காரி, முன்பின் பார்த்ததில்லை. அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் சம்பந்தி போல ஆகிவிட்டது. ஊரில் பெரியம்மா, சின்னம்மா என்று ரத்தத்தால் வந்த உறவை அங்கே பக்கத்துச் சுவரால் உண்டாக்கிக்கொண்டார்கள்.

தண்ணீர்தான் பெரிய பாடு. பாறையூரில் ஊற்று தேடிக் குடத்தோடு அலைந்த கதையை ஆயா சொல்லும்போது அவள் மாமியாரின் குரலிலேயே சொல்வாள். பிறகு பேத்தமங்கலத்தில் பாலாற்றுத் தண்ணீரை ஏரியில் தேக்கி, சுத்தம் செய்து, குழாயில் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். லைனுக்கு ஒரு பொதுக் குழாய், அதில் ஒரு சண்டை, அதில் ஒரு சமாதானம். பாலாறு நந்தி மலையில் பிறந்து பேத்தமங்கலத்தைத் தாண்டி, ஆந்திரம் புகுந்து, அப்புறம்தான் நம் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வருகிறது. ஆயாவுக்கு இது நன்றாகத் தெரியும். "நாங்க குடிச்சிட்டு மிச்சத்த உங்களுக்கு அனுப்பி வெச்சோம்" என்பாள் எங்கள் அம்மாவிடம். அம்மா பிறந்தது ஆம்பூரில்.

ஆயா கல்யாணமாகிப் போனபோது தட்டிகள் பெரும்பாலும் போய் செங்கல் வீடுகள் வந்திருந்தன. அளவு மட்டும் மாறவில்லை. சிவசமுத்திரத்தில் காவிரியின் அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 150 கிலோமீட்டர் தாண்டி 1902-லேயே சுரங்கத்துக்கு வந்துவிட்டது. பெங்களூருத் தெருவுக்கே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். ஆனால் ஆயா குடித்தனம் தொடங்கிய வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்ணுக்குத் தங்கவயல் மாப்பிள்ளை கிடைத்தால் பெரிய பேச்சு. மாதச் சம்பளம், போனஸ், ஆஸ்பத்திரி. பெண்ணைப் பெற்றவர்கள் சந்தோஷமாகத்தான் அனுப்பினார்கள். ஆயா போய்ப் பார்த்தபோதுதான் வீட்டின் கணக்கு வேறு என்று தெரிந்தது. தாத்தாவுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்க வேண்டும். இருப்பது ஒரே அறை. ஆகவே அந்த வாரம் முழுக்க ஆயாவும் பிள்ளைகளும் வெளியே. அடுப்பு வெளியே, தாலாட்டு வெளியே, அரிசி புடைப்பது, பேன் பார்ப்பது எல்லாம் லைன் வாசலில். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆண் ஏதாவது ஒரு நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதால் லைன் பெண்களுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசுவது பழக்கமாயிற்று. ஆயா ஆம்பூர் வந்தும் கடைசி வரை சத்தம் போட்டுப் பேசவில்லை. எங்கள் தெருவில் அவளைச் சாதுவென்று நினைத்தார்கள். அவள் சாதுவல்ல. பகலில் தூங்குகிற மனிதனை எழுப்பிவிடக் கூடாது என்று இளம் வயதில் கற்றுக்கொண்டவள், அவ்வளவுதான்.

அந்தத் தாழ்ந்த குரலில்தான் ஏர்பிளாஸ்ட் பற்றிச் சொல்வாள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. அந்த ஆழத்தில் பாறைக்குத் தாங்க முடியாத அழுத்தம். திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே லைனில் தரை உதறும், பலகையிலிருந்து பாத்திரம் உருளும். முதலில் பாத்திரம் விழுகிற சத்தம், ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை, பிறகு வேளை கெட்ட வேளையில் சங்கு. ஷிப்ட் சங்கு மூன்று வேளைதான். நடுவில் சங்கு ஊதினால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வரும். இறங்குகிற முகங்களைப் பார்ப்பார்கள். "ஒன் ஆளு வந்துட்டா நீ வூட்டுக்குப் போயிடுவியா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லா ஆளும் ஏறி வர்ற வரிக்கும் ஒருத்தியும் அசைய மாட்டா கண்ணு. வந்தவன் பொண்டாட்டிதான் வராதவன் பொண்டாட்டியப் புடிச்சிகினு நிக்கணும்" என்றாள். யாரும் சட்டம் போட்டு வந்த வழக்கமல்ல அது. அந்தப் பெண்கள் தாங்களே வைத்துக்கொண்டது.

பாத்திரங்கள் தரைக்கு வந்த காரணம் இதுதான்.

இளம் வயதில் கொஞ்ச காலம் ஆயா அங்கே ஒரு பங்களாவில் துணி துவைக்கப் போயிருக்கிறாள். மேட்டில் துரைமார் பங்களாக்கள், தோட்டம், கிளப். சின்ன இங்கிலாந்து என்று இன்றும் அந்தப் பகுதியைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறார்கள். ஆயா வேலை செய்த வீட்டுத் துரைசாணி தன் பிள்ளைகளைப் படிப்புக்குச் சீமைக்கு அனுப்பிவிட்டு, காலியான கட்டில்களுக்குத் தினமும் விரிப்பு மாற்றச் சொல்வாளாம். அந்தத் துரையும் சுரங்கத்தில் இறங்குகிறவர்தான். ஒரு நாள் நடுவேளையில் சங்கு ஊதியபோது துவைக்கிற கல்லிலிருந்து ஆயாவும், உள்ளேயிருந்து துரைசாணியும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். அவள் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கு நின்றதும் விட்டுவிட்டாள். இதைச் சொன்னபோது ஆயாவின் குரலில் பெருமையும் இல்லை, கோபமும் இல்லை. அந்தப் பெண்ணையும் நான் மதிக்கிறேன். கடல் தாண்டி வந்து அந்தக் காட்டில் குடித்தனம் செய்தவள். ஆனால் அவளைப் போன்றவர்களின் கடிதங்களும் போட்டோக்களும் எங்கேயாவது பெட்டிகளில் இருக்கும். லைன் பெண்கள் எழுதிய ஒரு வரியையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

லைனில் எழுத்தே இல்லாமல் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெரிய பலம். பிற்பாடு அந்த இதழே தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியிலிருந்து வெளிவந்தது. சித்தார்த்தா அச்சகம் அங்கே புத்தகங்கள் போட்டது. ஆயாவின் மாமனார் ஷிப்ட் முடிந்து வந்து, கால் கழுவி, விளக்கடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம். பகலெல்லாம் தாழ்ந்து பேசுகிற வீட்டில் அந்த ஒரு குரல்தான் உயரும். சுற்றிலும் பத்துப் பேர் கேட்பார்கள். வாசல் ஓரம் பெண்கள். ஊரில் செருப்போடு நடக்க முடியாத தெருக்கள் இருந்தன. இங்கே நீ எந்தத் தெரு என்று கேட்க ஆளில்லை. எட்டடி வீட்டையும், புழுதியையும், சங்கையும் அந்தப் பெண்கள் ஏன் தாங்கினார்கள் என்று கேட்டால் சம்பளம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. "அங்க யாரும் என்ன 'ஏய்'னு கூப்பிட்டதில்ல" என்று ஆயா சொன்னாள். அந்த ஊரை அவள் நேசித்ததற்கு அது போதும்.

புழுதி என்றேனே, அது சாதாரணப் புழுதி இல்லை. வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற சாம்பல் நிறத் தூளைக் கொட்டிக் கொட்டி மலைகளாக்கிவிட்டார்கள். சைனைட் மலை என்றுதான் எல்லாரும் சொல்வோம். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போது அதில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். காற்று காலத்தில் அது எழுந்து லைன் மேலே வரும். பானைத் துணி அதற்காகத்தான். துணியை அவிழ்த்து உதறினால் வெள்ளையாக ஒரு படலம் இருக்கும் என்று ஆயா சொல்வாள். பானைக்குத் துணி கட்டினாள். குழிக்குள் கல் துளைக்கிற புருஷனின் மூக்குக்கு யார் கட்டுவது?

பாறைத்தூள் நெஞ்சில் தங்கி வருகிற சிலிகோசிஸ் இந்தியாவில் முதலில் பதிவானது தங்கவயலில்தான். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருந்தது. தாத்தாவுக்கும் வந்தது. அவருக்கு நான்கு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்க வைத்தாள் ஆயா. இருமல் சத்தம் பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்குகிறவரை எழுப்பிவிடுமோ என்று அவர் வாயில் துண்டை வைத்துக்கொள்வாராம். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வேலைக்கு ஆள் இருந்தால்தான் வீடு. அத்தையைத் தங்கவயலிலேயே ஒரு தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்திருந்ததால் அங்கே ஒரு கால் மிஞ்சியது. ஆயா பித்தளைப் பாத்திரங்களோடு ஆம்பூருக்கு இறங்கி வந்தாள்.

நைனா அப்போது தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலையில் இருந்தார். முழங்கால் வரைக்கும் வெளுத்துப் போன கால். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறுகிற வாசனை, ஈரத் தோலின் நாற்றம், இரண்டும் கலந்து சட்டையில் ஏறியிருக்கும். வந்த முதல் நாள் நைனா வேலை முடிந்து வாசலில் நின்றதைப் பார்த்து ஆயா ஒன்றும் பேசவில்லை. ஒரு குண்டான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாளிலிருந்து அவர் வருகிற நேரத்துக்கு வெந்நீர் தயாராக இருந்தது. தாத்தாவுக்கும் அப்படி வைத்தவள்தான். சில மாதம் கழித்து மட்டும் அம்மாவிடம் சொன்னாள்: "கொழி மாறிச்சி. மத்ததெல்லாம் ஒண்ணுதான்."

பிறகு பட்டையும் கடுக்காயும் குறைந்து குரோம் வந்தது. தோல் பெருகிற்று, ஷூ கம்பெனிகள் வந்தன, ஆம்பூருக்குப் பேர் வந்தது, பணம் வந்தது. கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவுகளுக்கு எதிராகத் தீர்ப்பு கொடுத்ததை நாடே பேசியது. ஆயா அதற்கு முன்பே போய்விட்டாள். ஆனால் பாலாற்றில் மணல் மட்டும் கிடந்த ஒரு கோடையில் எங்களோடு ஆற்றங்கரை வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, "நாங்க மிச்சத்த அனுப்பினோம். நீங்க அதயும் வெச்சிக்கல" என்றாள். இந்த ஆற்றை இரண்டு முனையிலும் குடித்தவள் அவள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்த இடம். அத்தை மகன்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அந்த ரயில் முழுக்கத் தங்கவயல் பிள்ளைகள்தான். போன முறை நான் போனபோது சங்கு இல்லாத ஊர் எனக்குப் பிடிபடவில்லை. அத்தை மட்டும் பழைய ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து அடுப்பு மூட்டினாள். லைனில் நிறைய வீடுகளில் அவள் வயதுப் பெண்கள் தனியாக இருக்கிறார்கள். மாலையில் வாசலில் கூடுகிறார்கள். இன்னும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

என் பேரன் 'கே.ஜி.எஃப்.' சினிமா பார்த்துவிட்டு வந்து, தாத்தா அந்த ஊர்தானே நம்ம ஊர் என்று கேட்டான். துப்பாக்கியைப் பற்றியும் தங்கத்தைப் பற்றியும் கேட்டான். நான் அவனுக்குப் பேரணாம்பட்டு மலையில் வண்டிக்குப் பின்னால் நடந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மண்ணைத் தோண்டியவர்களை முன்னோடிகள் என்கிறோம். தோண்டிய மண்மேட்டை ஊராக்கியவர்களும் முன்னோடிகள்தான். தங்கவயல் என்ற ஊரைக் கட்டியது வட ஆர்க்காட்டுப் பெண்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆம்பூரிலும், பேரணாம்பட்டிலும், குடியாத்தத்திலும், வாணியம்பாடியிலும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது தங்கவயல் தொடர்பு இருக்கும். லைனில் குடித்தனம் செய்த பெண்களில் பலருக்கு இப்போது அறுபது, எழுபதுக்கு மேல் ஆகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். கையில் போன் இருக்கிறது, பதிவு செய்யுங்கள். அவர்கள் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதி வையுங்கள். தங்கத்தைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குச் சொல்ல அதிகம் இருக்காது. தண்ணீர் எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அவர்களே சொல்வார்கள்.